மகளுக்குக் கட்டிய வீட்டில் மாணவர்கள்

பொத்துவிலில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சையில் தேறி, ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், மகிழ்ச்சியோடு சேர்ந்தே வீட்டில் ஒரு கேள்வியும் எழும்: எங்கே தங்குவது? பொத்துவிலும் ஒலுவிலும் ஒரே மாவட்டம். இரண்டையும் இணைப்பது ஒரே ஏ-4 வீதி. இருந்தும் கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை என்று கடந்துபோக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஆகிறது. காலை விரிவுரைக்கு பஸ்ஸை நம்பிப் புறப்பட்டு அந்தியில் திரும்பும் வாழ்க்கை ஒரு தவணைக்குக்கூடத் தாங்காது. ஹொஸ்டலில் இடம் கிடைத்தால் அங்கே. கிடைக்காவிட்டால் 'போடிங்', அதாவது ஒலுவிலிலோ பாலமுனையிலோ யாரோ ஒருவரின் வீட்டில் ஓர் அறை.

அதே பொத்துவிலின் தெற்கு ஓரத்தில், அறுகம்குடாப் பாலத்துக்கு அப்பால், உல்லையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே வெளியூராரும் வெளிநாட்டாரும் வந்து தங்குகிறார்கள். சித்திரை பிறந்தால் அலைச்சறுக்குக்காரர் வருவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னர் போய்விடுவார்கள். ஆக, தன் பிள்ளைகளைப் பிறர் தெருவுக்கு அனுப்புவதும் தன் தெருவைப் பிறருக்குக் கொடுப்பதும் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவிக்கும் ஊர் இது. தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களின் நடுவே, சில மாதமோ சில வருடமோ இருந்துவிட்டுப் போகிறவர்கள் பெருகினால் அந்தத் தெரு என்னவாகும் என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. வருகிறவர் மாணவரா பயணியா, பத்துப் பேரா நூறு பேரா என்பவையெல்லாம் இரண்டாம் பட்சம். வீடு யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்குரியவர் அதே வளவில் உறங்குகிறாரா என்பதே தெருவின் விதியைத் தீர்மானிக்கிறது. இதை நிறுவ முதலில் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும்.

இங்கிலாந்தில் டேரன் ஸ்மித் என்ற புவியியலாளர், பல்கலைக்கழக நகரங்களின் பழைய குடியிருப்புகள் மாணவர் பகுதிகளாக மாறுவதை 2000களின் தொடக்கத்தில் தனியொரு நகரமாற்றமாக இனங்கண்டு அதற்குப் பெயரும் சூட்டினார். மாணவமயமாதல் என்று தமிழில் சொல்லலாம். அதிகம் பேசப்பட்ட இடம் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி. வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் கொண்ட, தொழிலாளரும் நடுத்தர வர்க்கத்தாரும் வாழ்ந்த பகுதி அது. இங்கிலாந்தில் உயர்கல்வி விரிந்தபோது பல்கலைக்கழகங்கள் மாணவர் தொகையைக் கூட்டின, விடுதிகளை அதே வேகத்தில் கட்டவில்லை. முதலீட்டாளர்கள் வீடுகளை வாங்கினார்கள். ஒரு குடும்பம் கொடுக்கும் வாடகையைவிட ஆறு மாணவர் ஆளுக்கோர் அறையாகக் கொடுக்கும் வாடகை அதிகம். ஆகவே வீட்டின் விலையும் குடும்பங்களின் கைக்கு எட்டாமல் ஏறியது. ஒரு வீட்டுக்கு மாணவர் வந்தார்கள், பக்கத்து வீட்டார் இரவுச் சத்தம் தாங்காமல் விற்றார்கள், அதையும் இன்னொரு முதலீட்டாளரே வாங்கினார். பிள்ளைகள் குறைந்ததால் ஆரம்பப் பள்ளிக்கு ஆள் இல்லை. கோடை விடுமுறையில் தெருவே வெறிச்சோடியது. முழுநேர மாணவர் மட்டும் வாழும் வீட்டுக்கு உள்ளூர் வரி விலக்கு உண்டு என்பதால், குப்பை கூடியது, அதை அள்ளக் கிடைக்கும் வரி கூடவில்லை.

குடியிருப்பாளர் அமைப்புகள், ஒரு பகுதியின் வீடுகளில் பத்திலொன்று இப்படி மாறினாலே அங்கே சமநிலை குலையத் தொடங்கும் என்று வாதிட்டன. 2010 ஏப்ரலில், ஒரே குடும்பத்தைச் சேராத 3 முதல் 6 பேர் பகிர்ந்து வாழும் வீடு இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில் தனி வகையாக்கப்பட்டது. பின்னர், உள்ளூராட்சி விரும்பினால், குடும்ப வீட்டை அப்படி மாற்ற முன் அனுமதி கேட்கலாம் என்ற நிலை வந்தது. ஹெடிங்லி போன்ற இடங்களுக்கு அது காலம் கடந்த மருந்து. இந்தக் கதை முழுவதிலும் மாணவர் செய்ததைவிட, விற்பனைப் பத்திரம் செய்ததே அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. வீடு கைமாறாத தெருவில் இத்தனையும் இந்த வேகத்தில் நடந்திருக்க முடியாது.

இனி நம் கரைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, முஸ்லிம்களிடமும் தமிழரிடமும், வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்த நாள் முதல் வாப்பாவின் மனதில் ஓர் அத்திவாரம் வெட்டப்படுகிறது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மூத்த மகளுக்குக் குடியிருக்கும் வீட்டையே கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ கட்டிய இன்னொரு வீட்டுக்குப் போவது வழக்கம். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். இப்படி இரண்டு தலைமுறை கழிந்தால் ஒரு ஒழுங்கை முழுவதும் உம்மா, பெரியும்மா, சாச்சி, ராத்தா என்று நிறைந்துவிடும். ஆண்கள் அந்த ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தவர்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இந்தத் தாய்வழிக் குடி முறையை ஆராய்ந்தவர். 2008இல் வெளியான அவருடைய பெருநூல் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறது.

சட்டத்தோடு இது பொருந்தும் விதமும் சுவையானது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்தை 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமிய முறையில் பங்கிட்டால், மகளைப் போல் இரு மடங்கு மகனுக்குப் போகும். ஆனால் இங்கே பங்கிட வீடு மிஞ்சுவதில்லை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, கலியாணத்தை ஒட்டி உறுதி எழுதி அது மகளின் கைக்குப் போய்விடுகிறது. இந்த முறையைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. வீடு கட்ட முடியாத குடும்பத்தில் பெண்பிள்ளைகள் கலியாணத்துக்குக் காத்துக் காத்து வயதாவதும், அந்த வீட்டுக்காகவே தகப்பனும் சகோதரனும், சில வேளை தாயும், வளைகுடா நாடுகளில் ஆண்டுகளைத் தொலைப்பதும் இந்தக் கரையின் ஆறாத புண். இருந்தாலும் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அது நம் விஷயத்துக்கு மிக முக்கியம். தங்கைமாரின் வீடுகளுக்கு நடுவே தனக்குக் கிடைத்த வீட்டை ஒரு பெண் அந்நியருக்கு விற்பது அரிது. விற்றால் அது ஒரு குடும்பத்தின் நெருக்கடி ஊருக்கே தெரிந்துவிட்டதற்குச் சமம்.

2004 சுனாமிக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை. குடும்பத் தலைவர் என்றால் கணவர் என்று எடுத்துக்கொண்டு, பெண்ணின் உரிமையாக இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கட்டிய வீட்டை ஆணின் பெயரில் பதிந்த இடங்கள் உண்டு. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு எழுந்த 500 வீடுகளோ, யாருக்கு என்ற வழக்கில் சிக்கி, பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தன. அங்கிருந்து சிறிது தூரத்தில் மாணவர்கள் ஓர் அறைக்காகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்த அதே காலம் அது. நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது.

பல்கலைக்கழகம் இந்த ஒழுங்கைகளின் நடுவே வந்ததும் இடப்பெயர்வின் வழியாகத்தான். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கிலும் வன்முறை பற்றி எரிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்கள் திரும்பிப் போக முடியாமல் நின்றார்கள். அவர்களுக்காக எம்.எச்.எம். அஷ்ரப் அமைச்சராக இருந்தபோது முயன்று பெற்றது 1995 ஒக்டோபரில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி. 1996 மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகமானது. அட்டாளைச்சேனையில் தொடங்கி ஒலுவில் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. குவைத் நிதியத்தின் கடனுதவியால் கட்டடங்கள் எழுந்தன. தங்க இடம் இழந்த மாணவருக்காகப் பிறந்த நிறுவனம், இன்று தன் மாணவருக்குத் தங்க இடம் தேடுகிறது.

பீடங்கள் பெருகின. பொறியியல் வந்தது, தொழில்நுட்பம் வந்தது. மாவட்ட ஒதுக்கீட்டின்படி நாடெங்கிலும் இருந்து பிள்ளைகள் வந்தார்கள், சிங்கள மாணவரும் கணிசமாக வந்தார்கள். நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் போல இங்கேயும் ஹொஸ்டல் எல்லோருக்கும் எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளை வெளியே கழிக்க வேண்டும். ஒலுவிலும் பாலமுனையும் அட்டாளைச்சேனையும் நிந்தவூரும் அந்த ஆண்டுகளைத் தாங்குகின்றன.

எப்படித் தாங்குகின்றன என்பதில்தான் ஹெடிங்லிக்கும் ஒலுவிலுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. இங்கே வாடகைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகை இடம். ஒன்று, குடும்பம் கீழே இருக்க மேல்மாடியிலோ பக்கத்திலோ எடுத்துக் கட்டிய அறைகள். மற்றது, இளைய மகளுக்காகக் கட்டி அவள் கலியாணம் வரும் வரை பூட்டிக் கிடக்கும் வீடு. இரண்டாவது வகையைப் பற்றி நாம் போதியளவு சிந்திக்கவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டப்படும் அந்த வீட்டில் கூரை போட்டதும் மாணவர் வந்துவிடுகிறார்கள். அவர்கள் கொடுக்கும் பணம் பூச்சு வேலைக்கும் ஜன்னலுக்கும் தரை ஓட்டுக்கும் போகிறது. ஒரு மகளின் சீதனத்தில் ஒரு பகுதியை மொனறாகலையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்த பிள்ளைகள் கட்டி முடிக்கிறார்கள். கலியாண நாள் குறித்ததும் அவர்கள் வேறு அறை தேடிப் போகிறார்கள், வீடு உரியவளுக்குப் போகிறது. மாணவர் குடியிருப்பு இங்கே குடும்பத்தை வெளியேற்றவில்லை, அடுத்த குடும்பம் தொடங்கும் வரை வீட்டைக் காத்து வைக்கிறது.

அந்த வாடகை யார் கைக்கு வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. அறையைக் காட்டுவது, பேரம் பேசுவது, தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவது என்று சொல்வது, மாணவியின் உம்மாவோடு தொலைபேசியில் பேசி நம்பிக்கை கொடுப்பது எல்லாம் வீட்டுக்காரப் பெண்தான். மூன்று வேளைச் சாப்பாடும் அவளே கொடுத்தால் அது இன்னொரு வருமானம். வெளியே வேலைக்குப் போகும் வழக்கம் குறைந்த ஒரு சமூகத்தில், வேலிக்குள் இருந்தபடியே தன் பெயரிலுள்ள சொத்திலிருந்து ஒரு பெண் மாதம்தோறும் பணம் எண்ணுவது சிறிய விஷயமன்று.

கண்காணிப்பும் அங்கிருந்தே வருகிறது. பெண்பிள்ளைகளின் போடிங் என்றால் இரவு படலை எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஆண்பிள்ளைகளின் அறையில் சத்தம் கூடினால், நாலு வீடு தள்ளி இருக்கும் சாச்சியிடமிருந்து செய்தி வரும். அதற்கும் அடங்காவிட்டால் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போகும். இங்கிலாந்து நகராட்சிகள் சத்தத்துக்கென்று அதிகாரி வைத்துச் செய்ததை இங்கே உறவுமுறை செய்கிறது. மாணவருக்கு இது மூச்சு முட்டுவதும் உண்மை. இருபத்திரண்டு வயதுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று ஒழுங்கை முழுவதும் கணக்கு வைத்திருப்பது பாதுகாப்பு என்ற பெயரில் வரும் இன்னொரு சுமை. ஊரார் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ் தெரியாத சிங்களப் பிள்ளையும் சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த உம்மாவும் ஒரே கிணற்றடியைப் பகிர்வதில் நடக்கும் பழக்கத்தை எந்த நல்லிணக்கத் திட்டமும் தர முடியாது. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், சாய்ந்தமருதில் குண்டு வெடித்த நாட்களில் நாடு முழுவதும் இந்தக் கரையைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஒரு முஸ்லிம் வீட்டில் தங்கியிருந்து அவர்களின் சோற்றை உண்ட ஒரு பிள்ளை தன் ஊருக்குப் போய்ச் சொல்லும் வார்த்தைக்கு அப்படிப்பட்ட நாட்களில்தான் பெறுமதி.

ஆனால் இந்த ஏற்பாடு தானாகவே என்றைக்கும் நிலைக்கும் என்று நம்புவது தவறு. விரிசல்கள் தெரிகின்றன. குடும்பம் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்க, முழு வீடும் ஆண் மாணவருக்கு விடப்படுகிறது. படலையைப் பூட்ட அங்கே யாருமில்லை. பகிடிவதைக்கு எதிரான சட்டம் 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வளாகத்துக்கு வெளியேயும் பொருந்தும். ஆனால் ஆளில்லாத வாடகை வீட்டுக்குள் இரவில் நடப்பதைப் பார்க்க எந்தச் சட்டத்துக்கும் கண் இல்லை. இன்னொரு பக்கம், குடும்பம் வாழும் எண்ணமே இல்லாமல், அறை அறையாகப் பிரித்து வாடகைக்கென்றே கட்டும் நீள் கட்டடங்கள். அவை தோன்றும் இடத்தில்தான் வளவுக் காணிக்குப் பணமுள்ளவர் விலை பேசத் தொடங்குகிறார். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு ஒடுங்கிய மணல் மேடு. அதுதான் நமக்குள்ள ஊர். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபின் அதன் வடபுறத்தில் கரையைக் கடல் அரித்தெடுத்தது இந்தப் பற்றாக்குறையை இன்னும் கூர்மையாக்கியது. காணி இழந்தவரும், மகளுக்குக் கட்ட இடம் தேடுபவரும், அறை கட்டி வாடகைக்கு விட நினைப்பவரும் ஒரே பேர்ச் கணக்கில் மோதுகிறார்கள்.

நிலத்துக்கு அடியில் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. மணல் தரையில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. ஆறு பேருக்கென்று கட்டிய மலகூடக் குழியை இருபது பேர் பாவித்தால் அது எங்கே போகும் என்று கேட்க வேண்டியதில்லை, பக்கத்து வளவுக் கிணறு சொல்லிவிடும். குழாய் நீர் வந்தபின் கிணற்றை மறந்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

மாணவர் பக்கக் கணக்கையும் போட வேண்டும். பல்கலைக்கழக மாணவருக்கான மஹபொல உதவித்தொகை பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாயில் நின்றது. 2022இல் விலைகள் தலைகீழாகப் புரண்டபோதும் அது அசையவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தின் பின்னரே 7,500 ஆனது. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதன்று. தேயிலைத் தோட்டத்திலிருந்தோ பொத்துவிலின் மீனவக் குடும்பத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு, கையில் கிடைக்கும் தொகைக்குள் அறையும் சோறும் பிரதி எடுக்கும் செலவும் அடங்க வேண்டும். வாடகையைக் கூட்டும் எந்த விதியும் முதலில் இந்தப் பிள்ளையின் வயிற்றில் அடிக்கும்.

இப்போது உல்லையைப் பார்ப்போம். வீடு கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அத்தாட்சி அங்கே இருக்கிறது. 1970களில் அலைச்சறுக்குக்காரர் வரத் தொடங்கியபோது அவர்களும் வீடுகளில்தான் தங்கினார்கள். ஓலைக் குடிசை, அந்த வீட்டுச் சமையல், அந்த வீட்டுக் கிணறு. சுனாமி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் விதித்தார்கள். 2005இல் கோமாரியிலிருந்து பாணமை வரையான கரையைச் சுற்றுலாவுக்காக மாற்றியமைக்கும் அபிவிருத்தித் திட்டமொன்று வெளியானது. மீனவருக்குக் கரை இல்லை, ஹோட்டலுக்கு உண்டு என்றே ஊர் அதைப் புரிந்துகொண்டு எதிர்த்தது. எழுத்தாளர் நவோமி கிளைன் தன் 2007ஆம் ஆண்டு நூலில் இந்தப் போராட்டத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. ஆனால் திட்டம் செய்யாததைச் சந்தை மெல்ல மெல்லச் செய்தது. வீதியோரக் காணிகள் குத்தகைக்கும் விலைக்கும் போயின. ஊர்க்காரர் சிலர் நன்றாக வாழ்ந்தார்கள், அவர்களே நடத்தும் விடுதிகள் இன்றும் உண்டு. இருந்தும் பல வளவுகளில், யார் வருகிறார், எந்த நோக்கத்தோடு வருகிறார் என்று கேட்கும் உரிமை ஒழுங்கையை விட்டுப் போய்விட்டது.

2024 ஒக்டோபரில் அதன் விளைவை நாடே பார்த்தது. இஸ்ரேலியப் பயணிகள் கூடும் இடம் தாக்கப்படலாம் என்ற தகவல் பரவியது, அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை அறுகம்குடாவைத் தவிர்க்கச் சொன்னது. பொலிஸாரும் படையினரும் குவிக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் தோணி இழுக்கும் ஆண்களும் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே நடந்தார்கள். யாரோ ஒருவரின் பெயரிலுள்ள கட்டடத்தில் யாரோ ஒருவர் தங்கியதன் பாரம், இரண்டிலும் சம்பந்தமில்லாத தெருவின் மேல் விழுந்தது.

அப்படியானால் எல்லா மாணவரையும் ஹொஸ்டலுக்குள் கொண்டுபோவதுதான் தீர்வா? இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் பேராதனையைக் கனவு கண்டது அப்படித்தான், எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே வாழும் பல்கலைக்கழகமாக. இலவசக் கல்வியின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது அந்தக் கனவுக்கு இடம் போதவில்லை. ஒலுவிலில் ஹொஸ்டல் கூடவே வேண்டும், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் தூரத்துப் பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லோரையும் மதிலுக்குள் எடுத்தால், பூச்சு வேலைக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு வாடகை இல்லை, கிணற்றடிப் பழக்கமும் இல்லை.

செய்ய வேண்டியது, உரிமையாளர் வாழும் வீட்டையும் வாழாத வீட்டையும் விதியில் பிரித்துப் பார்ப்பது. ஒலுவில், பாலமுனைக்கு அட்டாளைச்சேனைப் பிரதேச சபை இதைச் செய்யலாம், உல்லைக்குப் பொத்துவில் பிரதேச சபை செய்யலாம். அறை விடுகிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உறுதி யார் பெயரில், அவர் அந்த வளவில் வசிக்கிறாரா, எத்தனை பேர் தங்குகிறார்கள், எத்தனை மலகூடம், குழியிலிருந்து அயல் கிணறு எத்தனை அடி என்று கேட்டால் போதும். வசிக்கிறார் என்றால் கட்டணம் இல்லாமல் பதியட்டும். குழியைப் பெருப்பிக்கச் சபை உதவட்டும், பல்கலைக்கழகம் தன் மாணவருக்குக் கொடுக்கும் பட்டியலில் அந்த வீட்டை முதலில் சேர்க்கட்டும். வசிக்கவில்லை என்றால், ஒழுங்கைக்குள் வாழும் ஒருவர் பொறுப்பாளராகக் கையொப்பமிட வேண்டும். கழிவுக் குழியையும் மின்னிணைப்பையும் சபை வந்து பார்த்த பின்னரே அனுமதி கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, மாணவர் எப்போது வெளியேற வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி இரு தரப்பும் வைத்திருக்கட்டும். கலியாணம் குறித்ததும் மாணவரை ஒரு வாரத்தில் எழுப்புவதும், முற்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் அப்போதுதான் குறையும். பிரதேச செயலகத்தில் கிராம உத்தியோகத்தர்களிடம் வீட்டுவாரிப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நிரல் கூட்டினால், எந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டுக்கு உள்ளே ஆள் இருக்கிறது, எத்தனை வீட்டுக்கு இல்லை என்று ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிடும்.